விதியா? விதிமீறலா?

ஆயுத பூசை நாள். சேர்வராயன் மலையின் அடிவாரம். கருங்கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர் ஒன்று. அதற்குப் பெயர் உண்டு, நாம் எழுதவில்லை. ஓர் ஆலையைச் சுட்டிக்காட்டி ஒன்பது ஆலைகளைத் தப்பவிடும் எண்ணம் நமக்கில்லை.

மோட்டாருக்குச் சந்தனம். மோட்டாரைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்குக் குங்குமம். வாயிலில் வாழைக்கன்று. பொரி, கடலை, சுண்டல். கல்லைச் சுமந்து மேலேறும் நீண்ட ரப்பர்ப் பட்டை இருக்கிறதே, பெல்ட் என்றே அங்கு எல்லோரும் சொல்வர், நாமும் அவ்வாறே சொல்வோம், அதன் அடிமுனை உருளைக்குச் செவ்வந்தி மாலை! மேஸ்திரி பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். குங்குமம் கரைத்த நீர் சிவக்கச் சிவக்கத் தரையில் ஓடிற்று. "காவு இதோட போகட்டும்" என்றார். கூடிநின்றோர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். முதலாளி ஆளுக்கொரு வேட்டியும் இனிப்பும் வழங்கினார். குறை சொல்லக்கூடாது, இனிப்பு நல்ல இனிப்புத்தான்.

அந்த அடிமுனை உருளையை மூடிநிற்க வேண்டிய கம்பிவலைக் கூண்டு ஒன்று உண்டு. எந்திரம் வந்த நாளில் எந்திரத்தோடு வந்ததுதான். அதைக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தனர். அதன்மீது ஈரத்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. உருளைக்கு மாலை! வலைக்கு வேலையில்லை!

ஏழு வாரம் கழிந்தது. மழைக்காலம். நம் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் நான்கு நாட்களாக வரவில்லை. தேடிப் போனோம். வீட்டின் முன் பந்தல் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஈரமண் உருளையில் அப்பிக்கொண்டதாம். பெல்ட் ஓரம் ஒதுங்கி ஓடியதாம். நிறுத்தினால் லாரிக்காரன் கத்துவான் என்று, ஓடும்போதே மண்வெட்டியால் சுரண்டினாராம் அவன் தந்தை. மண்வெட்டியை உருளை பிடித்தது. மண்வெட்டியைக் கை விடவில்லை. கையை உருளை விடவில்லை.

"விதி முடிஞ்சு போச்சு சார். நம்ம கையில என்ன இருக்கு?" என்றார் பையனின் மாமன்.

அழுகின்ற வீட்டில் வாதாடலாமா? வாய் மூடித் திரும்பினோம். ஆனால் அந்த ஒரு சொல் நம்மைத் தூங்கவிடவில்லை.

விதி! தமிழில் இந்தச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதைத் தமிழாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுவதில்லை. ஒன்று, பிரமன் மண்டையோட்டில் எழுதியதாகச் சொல்லப்படுவது. எழுத்து எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை, எழுதியவன் கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. மற்றொன்று, மனிதன் தாளில் எழுதியது. அதற்குத் தேதி உண்டு, எண் உண்டு, மீறினால் தண்டனை உண்டு, விலைக்கும் கிடைக்கும். முதல் விதியை நம்பி அழுகிறோம். இரண்டாம் விதியைப் படித்துப் பார்க்க மறுக்கிறோம். அந்தத் தொழிலாளி எந்த விதியால் மாண்டார்? எழுதப்பட்ட விதி மீறப்பட்டதால் மாண்டார்!

தேதி சொல்வோம். இந்நாட்டின் முதல் சுரங்கச் சட்டம் 1901இல் வந்தது. சுரங்கங்களைப் பார்வையிட அலுவலகம் 1902இல் வந்தது. வெள்ளையன் ஆண்ட காலம் அது. நாடு விடுதலை பெற்றபின் 1948இல் தொழிற்சாலைச் சட்டம். சுழலும் பாகங்களுக்கு உறுதியான அடைப்பு வேண்டும் என்றது அது. 1952இல் சுரங்கச் சட்டம். அதன்கீழ் 1961இல் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள். ஆபத்தான எந்திரப் பாகத்தை அடைத்து வை என்றும், சுழலும் எந்திரத்தருகே தொங்கும் ஆடையோடு எவனையும் நிற்கவிடாதே என்றும் அவை சொல்லின. பெல்ட்டுக்கென்றே இந்தியத் தர அமைவனம் 7155 என்ற எண்ணில் ஒரு நெறிமுறை ஏடு வைத்திருக்கிறது. 2020இல் நாடாளுமன்றம் 13 தொழிற் சட்டங்களை ஒரே தொகுப்பாகக் கட்டியது. கட்டட்டும், கட்டின் பெயர் எதுவாயினும் உருளைக்கு மூடி வேண்டும் என்பது மாறப்போவதில்லை. நூறாண்டுக்கு மேலாக எழுதி வைத்திருக்கும் ஒன்றை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, எழுதாத ஒன்றின்மீது பழியைப் போடுவது எவ்வளவு வசதியான பக்தி!

ஏற்காட்டுக்குக் கோடையில் ஏறுவோர் ஆயிரமாயிரம். ஏரியில் படகு, பக்கோடா முனையில் படம், ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் பையில். 1820ஐ ஒட்டிச் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பி நட்ட கதையை வழிகாட்டிகள் சொல்வர். சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போகும் வழியில் மண் செம்புண்ணாகக் கிடப்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். அது பாக்சைட். அலுமினியத்தின் தாய்மண். 1965இல் உற்பத்தி தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையின் உச்சியும் கொல்லிமலையின் உச்சியும் இரையாயின. 2008இன் இறுதியில் அவ்வுருக்காலை நின்றது; மலையில் பள்ளம் மிச்சம்.

மலை உச்சியின் கதை இவ்வாறு. அடிவாரத்துக் கதையோ முடியவில்லை. மாமாங்கம், கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் இரயிலில் போனவர்க்கு வெண்மையான கரடுகள் தெரியும். சுண்ணாம்பென்று எண்ணி வெள்ளையர் அதற்குச் 'சாக் ஹில்ஸ்' என்றே பெயரிட்டனர். சுண்ணாம்பன்று, மேக்னசைட். இரயில் நிலையத்துக்கே மேக்னசைட் சந்திப்பு என்றுதான் பெயர். எஃகு உலையின் உட்சுவர் உருகாமல் காப்பது இந்த வெள்ளைக்கல். எஃகைக் காக்கும் கல்லைத் தோண்டுகிறவனைக் காப்பது எது? இவற்றைச் சுற்றிலும் கருங்கல் குவாரிகள், கிரஷர்கள். முன்னாளில் கூடை சுமந்த பெண்களின் தலைமீது போன கல் இன்று பெல்ட்டின்மீது போகிறது.

பெல்ட் வந்தது தவறு என்று சொல்லும் பழமைவாதிகள் அல்லர் நாம். கூடை சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். எந்திரம் வாழ்க! நெய்வேலியை எண்ணிப் பாருங்கள். 1957இல் தோண்டத் தொடங்கி 1961இல் நிலக்கரி முகம் கண்ட அந்தப் பெரும் பள்ளத்தில், மண்ணையும் கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து ஓடுவது பெல்ட்தான். அதுவின்றேல் தமிழகத்தில் பல விளக்குகள் எரியா. நம் சண்டை எந்திரத்தோடு அன்று. எந்திரத்துக்கு மாலை போட்டு மனிதனை மறந்த மூளையோடு.

அறிவியல் கற்ற இளைஞர்களே, ஒரு கணக்குப் போடுவோம். பலகையில் நம் மாணவர்க்குப் போட்ட கணக்குத்தான். பெல்ட் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். இது மட்டான வேகமே, நெய்வேலியில் ஓடுவது இதைவிடப் பன்மடங்கு. விரல்நுனியிலிருந்து தோள்வரை மனிதக் கை சுமார் 70 செண்டிமீட்டர். விரல் சிக்கினால் தோள் உருளைக்குள் போக எவ்வளவு நேரம்? அரை நொடிகூட ஆகாது. கண் கண்டதை மூளை உணர்ந்து தசை அசையவே ஏறத்தாழக் கால் நொடி வேண்டும். இறுகப் பிடித்ததை விடுவதற்கு இன்னும் சற்று. "கவனமாக இரு" என்று பலகை மாட்டுகிறார்களே, எந்தக் கவனம் இந்தக் கணக்கை வெல்லும்? கவனம் என்பது கால் நொடி. உருளை அதற்குள் பாதிக் கையைத் தின்றுவிடும். ஆகவே கை அங்கே போகவே முடியாதபடி செய்வது ஒன்றே வழி. அதற்குத்தான் வலை.

பெல்ட்டும் உருளையும் ஒன்றையொன்று தொடும் அந்த இடுக்கு ஒரு வாய். மேல்முனை உருளையில் ஒரு வாய், கீழ்முனையில் ஒரு வாய், இடையே பெல்ட்டைத் தாங்கும் ஒவ்வோர் உருளையிலும் சிறு வாய். தோளில் கிடக்கும் துண்டு, காற்றில் ஆடும் லுங்கி, பெண்ணின் முந்தானை, பின்னல், எது கிடைத்தாலும் இழுக்கும். குறுக்கே தாண்டப் பாலம் இல்லாததால் அடியில் குனிந்து போகிறவன் தலையை இழுக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மின்சாரம் நின்றாலும் பெல்ட் நிற்கும் என்பது உறுதியன்று. மேட்டை நோக்கி ஏறும் பெல்ட்டில் டன் கணக்கில் கல் இருக்கிறது. பிடித்துவைக்கும் தடை இல்லையேல் அத்தனை பாரமும் பின்னோக்கி உருளும். நின்றுவிட்டதே என்று கை வைத்தவன் கதி என்ன?

எல்லாவற்றிலும் கொடியது, நிறுத்தப்பட்ட பெல்ட்டின்மேல் ஒருவன் பழுதுபார்த்துக்கொண்டிருக்க, மறுமுனையில் மற்றொருவன் விசையைத் தட்டுவது. அவன் கொலைகாரனா? அல்லன். அவனுக்குத் தெரியாது, அவ்வளவே. இதற்குத் தொழில் முன்னேறிய நாடுகளில் கண்ட மருந்து மிக எளிது: ஒரு பூட்டு. பழுதுபார்க்கப் போகிறவன் விசையைக் கீழிறக்கித் தன் பூட்டைப் போடுகிறான். சாவி அவன் இடுப்பில். அவன் இறங்கி வந்து திறந்தாலன்றி எந்த மேஸ்திரியாலும், எந்த முதலாளியாலும் எந்திரத்தை ஓட்ட முடியாது. மூவர் ஏறினால் மூன்று பூட்டு. கோயில் உண்டியலுக்கு இரட்டைப் பூட்டுப் போடத் தெரிந்த நாட்டில், மனித உயிருக்கு ஒற்றைப் பூட்டுப் போடத் தெரியவில்லை!

அந்த ஆலைக்கு மறுபடி போனோம். நிறுத்தும் விசை எங்கே என்று காவலாளியிடம் கேட்டோம். தகரக் கொட்டகையைக் காட்டினார். உருளையிலிருந்து கொட்டகைக்கு நடந்தோம். 42 எட்டு. அரை நொடியில் கை போகிறது; அலறல் கேட்டு, ஓடி, கதவைத் திறந்து, விசையைத் தட்டவோ 42 எட்டு! பெல்ட்டின் ஓரமாக நெடுகிலும் ஒரு கயிறு கட்டி, எந்த இடத்தில் எவன் இழுத்தாலும் எந்திரம் நிற்கும்படி செய்வது உலகமெங்கும் உள்ள ஏற்பாடு. பெல்ட்டை ஒட்டி மனிதன் நடக்கும் பாதை இருந்தால், அடைப்போ கைப்பிடியோ இல்லாத இடத்தில் இத்தகைய நிறுத்தும் ஏற்பாடு வேண்டும் என்பது அமெரிக்கச் சுரங்க விதி. அந்த ஆலையில் கயிறு இருந்தது. வாழைக்கன்றைக் கட்டப் பயன்பட்டது.

இனி எதிர்ப்பேச்சுகள் வரும். நமக்குத் தெரியாதவை அல்ல.

"வலையைக் கழற்றியவனே தொழிலாளிதானே?" என்பர். ஆம், கழற்றியவன் அவன்தான். ஒளிக்கமாட்டோம். ஏன் கழற்றினான்? உருளையில் மண் அப்பும்; சுரண்டியாக வேண்டும்; சுரண்டுவதற்காக நிறுத்தினால் அன்றைய டன் குறையும்; டன் குறைந்தால் மேஸ்திரியின் வாய் திறக்கும். நான்கு போல்ட்டைத் தினமும் மும்முறை கழற்றி மாட்டச் சொன்னால், நான்காம் நாள் மாட்டாமல் விடுவான், எவனும் விடுவான், நாமும் விடுவோம். உருளைக்கு முன்னாலேயே மண்ணை வழித்துத் தள்ளும் தகடு வைத்தால் உருளையில் மண் அப்புவது பெரிதும் குறையும். கழற்றாமலே மண் வெளியே விழும்படி வலையை அமைக்கலாம். எந்திரம் நிற்கும் நேரத்தைச் சுத்தம் செய்யும் நேரமாகக் கணக்கில் எழுதலாம். இவற்றுள் எதுவும் தொழிலாளி செய்யக்கூடியதன்று. வலையைக் கழற்றியது அவன் கை; கழற்ற வைத்தது டன் கணக்கு.

"குடித்திருந்தான்" என்பர். பிணத்தின்மீது போடப்படும் முதல் மாலை இதுதான். குடித்தவன் தடுமாறி விழுந்தாலும் விழாதபடி கட்டப்பட்டதே அடைப்பு. நிதானமாக இருப்பவனை மட்டும் காப்பாற்றும் வேலிக்கு வேலி என்றா பெயர்?

"இழப்பீடு கொடுத்துவிட்டோமே" என்பர். இழப்பீட்டுக்கு 1923லேயே சட்டம் வந்தது. அது தொழிலாளியின் உரிமை. ஆனால் பிணவறை வாசலில், ஊர்ப் பெரியவர் முன்னிலையில், வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் கட்டு இருக்கிறதே, அது இழப்பீடு அன்று, வாய்ப்பூட்டு. எந்திரத்துக்குப் போடாத பூட்டை விதவையின் வாய்க்குப் போடுகிறார்கள்.

பெல்ட் கையை மட்டுமா தின்னும்? தீயும் மூட்டும். உருளை சுழலாமல் நின்று பெல்ட் மட்டும் உராய்ந்தாலும், கிழிந்த ரப்பர் சிக்கிக்கொண்டாலும் சூடேறும், பற்றும். 1950 செப்டம்பர் 26. இங்கிலாந்தின் டெர்பிசயர் மாவட்டத்தில் கிரெசுவெல் நிலக்கரிச் சுரங்கம். ஒரு பெல்ட்டிலிருந்து மறுபெல்ட்டுக்குக் கரி கொட்டும் இடத்தில் பெல்ட் கிழிந்தது. கிழிசல் அடைத்துக்கொண்டு உராய்ந்து தீப்பற்றியது. ரப்பர்ப் புகை பாதைகளை நிறைத்தது. 80 பேர் மாண்டனர். தீயை அடக்கச் சுரங்கத்தையே மூடினர். சிலரின் உடல்களை மறு ஆண்டுதான் எடுக்க முடிந்தது.

அங்கும் தேவாலயம் உண்டு, அங்கும் மணியடித்தனர், அங்கும் தாய்மார் கதறினர். ஆனால் 'ஆண்டவன் அழைத்துக்கொண்டான்' என்று அந்த நாடு கோப்பை மூடவில்லை. விசாரணை நடத்தியது. பெல்ட் ஏன் எரிந்தது, எதனால் செய்யப்பட்டது என்று கேட்டது. தீ பரவாத பெல்ட்டுகள் சுரங்கங்களுக்கு வந்தன. 80 பேரின் சாவு ஒரு பொருளையே மாற்றிற்று. அங்குள்ளவர் நம்மினும் நல்லவர் என்பதால் அன்று. அங்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வலுவாக இருந்தது, கேள்வி கேட்டது. அத்தனைக்குப் பின்னும் 2006இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், அரகோமா ஆல்மா சுரங்கத்தில், பெல்ட் தீயில் இருவர் மாண்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதிய விதி தானே நடக்காது. நடக்க வைக்க ஆள் வேண்டும்.

நம்மூர் கிரஷரில் அந்த ஆள் யார்? குவாரிப் பள்ளம் என்றால் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். தொழிற்சாலை என்றால் மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். பள்ளத்துக்கு ஒரு துறை, பட்டறைக்கு ஒரு துறை. இரண்டுக்கும் நடுவே ஓடும் பெல்ட்டுக்கு? "அது அவர்களுடையது" என்று இருவரும் கைகாட்டினால், காட்டிய கைகளுக்கு ஒன்றும் ஆகாது.

நம் இயக்கத் தோழர்களுக்கு ஒரு கசப்பான சொல்லும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த ஆலையில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். கொட்டகையில் அபாயப் பலகை ஒன்று தொங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. ஒடியாக்காரப் பையன் அதன் ஆணியில் தன் சட்டையை மாட்டியிருந்தான். அவனுக்கு அது ஆணி, அவ்வளவே. மொழி தெரியாதவன்மேல் ஒரு மொழியைத் திணிப்பது கொடுமை என்று நாட்டுக்கே சொன்னவர்கள் நாம். 1938இல் சொன்னோம், 1965இல் உயிர் கொடுத்துச் சொன்னோம். இங்கே நம் மண்ணில், உயிர் தப்பும் வழியை ஒருவன் அறியாத மொழியில் எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்து நாம் சும்மா இருக்கலாமா? ஒடியாவில் எழுது, இந்தியில் எழுது, படிக்கத் தெரியாதவனுக்குப் படம் போடு, பெல்ட் ஓடத் தொடங்குமுன் சங்கு ஊது என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமல்லவா? வந்தவனைக் 'கூலி குறைத்தவன்' என்று திட்டும் தோழர்களும் நம்மிடையே உண்டு. கூலியைக் குறைத்தவன் அவனா, அவனை அழைத்து வந்தவனா?

நாம் ஒரு மனு எழுதினோம். நீளமானதன்று. அடிமுனை உருளைக்கு வலை. நெடுகிலும் நிறுத்தும் கயிறு. விசைக்குப் பூட்டு, சாவி ஏறுகிறவனிடம். மூன்று மொழியில் பலகை. இரண்டு துறைக்கும் ஒவ்வொரு படி அனுப்பினோம், 'அது அவர்களுடையது' என்று எவரும் சொல்லாதிருக்க. 31 பேர் கையெழுத்திட்டனர். அவர்களில் ஆலைத் தொழிலாளர் நால்வரே. மற்றவர் அஞ்சினர், குறை சொல்லமாட்டோம், அடுப்பு எரிய வேண்டுமே. பையனின் மாமன் முதலில் மறுத்தார். "போன உயிர் திரும்புமா?" என்றார். திரும்பாது என்றோம். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, அந்த இடத்தில் இப்போது யார் வேலை பார்க்கிறார் என்று நாம் கேட்டதற்கு, தம் மகன் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினார்.

பள்ளிக்குத் திரும்பிய மாணவன் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டான். கப்பியும் பட்டையும் பாடத்தை அவனுக்காக நாம் தள்ளி வைத்திருந்தோம். அவனே கேட்டான்: "அந்தப் பாடம் எப்ப சார்?" நடத்தினோம். உருளையை வரைந்து, பட்டையை வரைந்து, சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டோம். எந்த இடத்தில் கை வைக்கக்கூடாது என்று கேட்டபோது, எழுந்து வந்து, சுண்ணக்கட்டியை வாங்கிச் சரியான இடத்தில் வட்டம் போட்டான்.

சென்ற வாரம் ஆலைப்பக்கம் போனோம். வேப்பமரத்தடியில் வலை இல்லை. உருளையிலும் இல்லை. எங்கே என்று கேட்டோம். இடத்தை அடைக்கிறதென்று பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்களாம். புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருப்பதாகக் கணக்குப்பிள்ளை சொன்னார். ஆயுத பூசைக்குள் வந்துவிடுமாம்.